கருநங்கை (ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள்)

கருநங்கை என்பது ஆங்கிலக் கவிஞரும் நாடகாசிரியருமான வில்லியம் ஷேக்ஸ்பியர் (1564 - 1616) இயற்றிய சானெட்டுகளில் 127 முதல் 152 வரையான பாடல்களில் இடம்பெறும் பெண்ணைக் குறிக்கத் திறனாய்வாளர்கள் பயன்படுத்தும் பெயராகும். ஆங்கிலத்தில் இவள் டார்க் லேடி எனப்படுகிறாள். இப்பெயர் ஷேக்ஸ்பியர் இட்டதன்று. அவர் இவளைத் தம் காதலி என்ற பொருளிலேயே சுட்டுகிறார். இருண்டவள் என்னும் சொல்லை 147ஆம் பாடலில் ஒரு முறை மட்டுமே ஆள்கிறார். பிற இடங்களில் வருவது கறுப்பு என்னும் சொல்லே. இவள் உண்மையில் வாழ்ந்த ஒருத்தியா, பலரின் சாயலா, அன்றிக் கவிஞரின் கற்பனையா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

நூலின் வரலாறு

சானெட் என்பது இத்தாலியில் தோன்றிய பதினான்கு அடிகள் கொண்ட பா வகையாகும். 14ஆம் நூற்றாண்டில் பெட்ரார்க் தம் காதலி லாராவைப் பற்றி எழுதிய பாடல்களால் இது ஐரோப்பா முழுவதும் பரவியது. பொன்னிறக் கூந்தலும் வெண்ணிற மேனியும் எட்டாத கற்பும் உடைய தலைவியைப் போற்றுவது இம்மரபின் வழக்கமாயிற்று. 1591இல் அச்சான பிலிப் சிட்னியின் ஆசுட்ரோஃபில் அண்டு ஸ்டெல்லா என்னும் நூலுக்குப் பின் இங்கிலாந்தில் இவ்வகைப் பாடல்கள் பெருகின. சிட்னியின் ஸ்டெல்லாவுக்குக் கருவிழிகள் இருந்தன. அவள் பெனலப்பி ரிச் என்னும் பிரபுகுலப் பெண்ணே என்பதில் பெரிய ஐயம் எழவில்லை. ஷேக்ஸ்பியரின் தலைவிக்கு அத்தகைய தெளிவு கிடைக்கவில்லை.

1598இல் பிரான்சிஸ் மியர்ஸ் என்பவர், ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள் அவருடைய நண்பர்களிடையே கையெழுத்துப் படிகளாக உலவுவதைக் குறிப்பிட்டுள்ளார். 138, 144 ஆகிய இரண்டும் 1599இல் வில்லியம் ஜாகர்டு வெளியிட்ட தொகுப்பொன்றில் அச்சேறின. இரண்டுமே கருநங்கையைப் பற்றியவை. 154 சானெட்டுகளும் அடங்கிய நூலை 1609இல் தாமஸ் தோர்ப் வெளியிட்டார். அந்நூலின் வரிசை கவிஞர் அமைத்ததா, வெளியீட்டாளர் அமைத்ததா என்பதே இன்னும் வழக்கில் உள்ளது. 1640இல் ஜான் பென்சன் பாடல்களை இடம் மாற்றி, ஒன்றோடொன்று சேர்த்து, தலைப்புகளிட்டு வெளியிட்டார். அதன் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பலர் படித்தது இப்பதிப்பையே. 1780இல் எட்மண்ட் மலோன் 1609ஆம் ஆண்டின் வரிசையை மீட்டு, முதல் 126 பாடல்கள் ஓர் இளைஞனை நோக்கியவை, எஞ்சியவை ஒரு பெண்ணை நோக்கியவை என்று பிரித்துக் காட்டினார். கருநங்கை ஒரு தனிப் பாத்திரமாகத் திறனாய்வில் உருக்கொண்டது இப்பிரிப்புக்குப் பின்னரேயாகும்.

பாடல்களில் கருநங்கை

பாடல்கள் தரும் செய்திகள் சிலவே. அவளுடைய கண்களும் கூந்தலும் கரியவை, மேனி வெண்மையன்று. வெர்ஜினல் என்னும் விசைப்பலகை இசைக்கருவியை அவள் மீட்டுவதை 128ஆம் பாடல் காட்டுகிறது. மணவுறுதியை அவள் மீறினாள் என 152ஆம் பாடல் கூறுவதால் மணமானவள் எனக் கொள்வர். கவிஞரின் நண்பனான இளைஞனோடும் அவளுக்கு உறவு ஏற்பட்டதை 133, 134, 144 ஆகியவை உணர்த்துகின்றன. முற்பகுதியிலுள்ள 40 முதல் 42 வரையான பாடல்களும் இதே நிகழ்வைக் குறிப்பனவாகக் கருதப்படுகின்றன. அவளது பெயர், வயது, குடும்பம், வாழ்ந்த ஊர் எவையும் இல்லை. அவள் வாய்மொழியாகவும் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை.

புகழ்பெற்ற 130ஆம் பாடல் பெட்ரார்க் மரபின் உவமைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தன் காதலிக்கு அவை பொருந்தா என்று மறுக்கிறது. இதை அவளைப் பழிக்கும் பாடலென்று படிப்போரும் உளர். உண்மையில் பழிக்கப்படுவது பொய்யுவமை கூறும் கவிஞர்களே. ஆனால் 137 முதல் வரும் பாடல்களில் இந்த விளையாட்டு மாறி, ஐயமும் காமமும் தன்வெறுப்பும் மேலோங்குகின்றன. மேனியின் கருமை மெல்ல மெல்ல ஒழுக்கத்தின் கருமையாக மாற்றப்படுகிறது. 145ஆம் பாடல் மட்டும் குறைந்த அசைகளுடன் எளிய நடையில் அமைந்துள்ளது. அதில் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவேயின் குடும்பப் பெயர் சிலேடையாக ஒலிப்பதாக ஆண்ட்ரூ குர் 1971இல் எடுத்துக்காட்டினார். இது சரியெனில், கருநங்கைப் பாடல்கள் எனப்படுபவற்றுள் ஒன்றேனும் கருநங்கையைப் பற்றியதன்று.

கறுப்பு என்பது அக்கால ஆங்கிலத்தில் கருங்கூந்தலையும் கருவிழியையும் உடைய ஐரோப்பியரையும் குறித்தது. ஆப்பிரிக்க இனத்தவரையும் குறித்தது. எலிசபெத் காலத்து லண்டனில் ஆப்பிரிக்க வழியினர் வாழ்ந்தமைக்குத் திருச்சபைப் பதிவேடுகளில் சான்றுகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் இரண்டாவது பொருளைப் பெரும்பாலும் எண்ணிப் பார்க்கவே இல்லை. கிம் ஹால் 1995இல் வெளியிட்ட ஆய்வு இப்பாடல்களின் நிறச்சொற்களைக் கடல்வணிகம், அடிமைமுறை ஆகியவற்றின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தது.

அடையாளம் பற்றிய கருத்துகள்

மேரி ஃபிட்டன், முதலாம் எலிசபெத் அரசியின் பணிப்பெண்களுள் ஒருவர். பெம்புரோக் பிரபு வில்லியம் ஹெர்பர்ட்டுடன் கொண்ட உறவால் கருவுற்று, 1601இல் அரசவையை விட்டு நீக்கப்பட்டார். நூலின் காணிக்கையுரையில் உள்ள டபிள்யூ. எச். என்னும் முதலெழுத்துகள் ஹெர்பர்ட்டைக் குறிப்பன என்று கொண்ட தாமஸ் டைலர், 1880களில் ஃபிட்டனே கருநங்கை என வாதிட்டார். ஆனால் ஃபிட்டனின் உருவப்படங்கள் ஆர்பரி மாளிகையில் இருந்தன. அவற்றில் அவர் வெளிர்மேனியும் சாம்பல்நிறக் கண்களும் உடையவராகக் காணப்பட்டார். 1897இல் அக்குடும்பக் கடிதங்கள் நூலாக வந்ததும் இக்கருத்து வலுவிழந்தது.

எமிலியா லேனியர் (1569 - 1645) வெனிசிலிருந்து வந்த அரசவை இசைக்கலைஞர் பாப்டிஸ்டா பசானோவின் மகள். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவுக்குப் பின்னாளில் புரவலரான ஹன்ஸ்டன் பிரபுவின் ஆசைநாயகியாக இருந்தார். கருவுற்றபின் 1592இல் அல்ஃபோன்சோ லேனியர் என்னும் இசைக்கலைஞருக்கு மணம்செய்து வைக்கப்பட்டார். இச்செய்திகளைச் சோதிடரும் மருத்துவருமான சைமன் ஃபோர்மனின் குறிப்பேடுகளில் கண்ட வரலாற்றறிஞர் ஏ. எல். ரௌஸ், 1973இல் இவரே கருநங்கை என்று உறுதியாக அறிவித்தார். இளமையில் இவர் பழுப்பு நிறத்தவர் எனக் குறிப்பேடு கூறுவது அவரது முதன்மைச் சான்று. அச்சொல் பழுப்பு அன்று, பகட்டு என்ற பொருளுடைய வேறொரு சொல் எனப் பிற அறிஞர்கள் விரைவில் சுட்டிக்காட்டினர். கணவரின் பெயரும் ரௌஸ் கூறியது போல் வில்லியம் அன்று. வாசிப்பைத் திருத்திக்கொண்ட ரௌஸ், முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. லேனியரும் ஷேக்ஸ்பியரும் சந்தித்தமைக்கு நேரடிச் சான்று ஏதும் கிடைக்கவில்லை.

இவ்வாதத்தின் விளைவு வியப்புக்குரியது. லேனியர் தாமே ஒரு கவிஞர். 1611இல் வெளிவந்த அவரது சால்வே டேயுஸ் ரெக்ஸ் யூடேயோரும், ஆங்கிலப் பெண்ணொருவர் சொந்தப் பாடல்களைக் கொண்டு வெளியிட்ட தொடக்ககால நூல்களுள் ஒன்று. இயேசுவைக் கொன்ற ஆண்களின் பாவத்தை நோக்க ஏவாளின் பிழை சிறிதென்றும், ஆகவே பெண்கள்மீது ஆண்கள் ஆட்சி செலுத்த உரிமையில்லை என்றும் அதில் வாதிடுகிறார். மறக்கப்பட்டிருந்த அந்நூலை 1978இல் மறுபதிப்புச் செய்தவரும் ரௌஸே. ஆனால் அவர் அதற்கு இட்ட தலைப்பு ஷேக்ஸ்பியரின் கருநங்கையின் கவிதைகள் என்பதாகும். ஆசிரியையின் பெயர் இரண்டாமிடத்துக்குப் போயிற்று. சூசன் வுட்ஸ் 1993இல் பதிப்பித்தபோதே அப்பாடல்கள் லேனியரின் பெயரையே தலைப்பாகப் பெற்றன.

லூசி நீக்ரோ அல்லது கறுப்பு லூஸ் எனப்பட்ட, லண்டன் கிளார்க்கன்வெல்லில் விலைமகளிர் இல்லம் நடத்திய பெண்ணை ஜி. பி. ஹாரிசன் 1933இல் முன்மொழிந்தார். ஜொனத்தன் பேட் 1997இல், மொழிபெயர்ப்பாளர் ஜான் ஃப்ளோரியோவின் மனைவியைச் சுட்டினார். ஆக்சுபோர்டு விடுதிக்காரரின் மனைவி ஜேன் டாவெனன்ட் முதலிய வேறு சிலரும் கூறப்படுவதுண்டு. எவருக்கும் வலுவான சான்றில்லை.

அடையாளத் தேடலுக்கு மறுப்பு

சானெட்டுகள் வாழ்க்கைக் குறிப்பேடுகள் அல்ல என்பது மறுப்போரின் அடிப்படை வாதம். இச்சிக்கல் பழையது. கவிஞர் தம் நெஞ்சைத் திறந்தது சானெட்டுகளிலேதான் என்று வேர்ட்ஸ்வொர்த் கருதினார். அப்படியாயின் அவர் ஷேக்ஸ்பியராக இருந்திருக்க மாட்டார் என்ற கருத்தில் பிரௌனிங் 1876இல் விடையிறுத்தார். லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட் நாடகத்தின் ரோசலினும் கருவிழியாள். அவள் கருமையே அழகென அவள் காதலன் வாதிடுகிறான். எனவே இது கவிஞர் விரும்பி ஆண்ட ஒரு கருப்பொருளாகவும் இருக்கலாம். 2020இல் பால் எட்மண்ட்சனும் ஸ்டான்லி வெல்சும் பாடல்களைத் தாம் கருதும் கால வரிசையில் பதிப்பித்து, ஒரே இளைஞன், ஒரே பெண் என்ற கதையமைப்பையே மறுத்தனர். பல பாடல்களில் விளிக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்பதற்கு அகச்சான்றில்லை என்பதும் அவர்கள் வாதம்.

புனைவிலக்கியத்தில்

ஆய்வில் தோற்ற கருத்துகள் புனைவில் நெடுங்காலம் வாழ்ந்தன. பெர்னார்ட் ஷா 1910இல், தேசிய நாடக அரங்கு அமைக்கும் முயற்சிக்கு ஆதரவாக, கருநங்கையைப் பெயராகக் கொண்ட சிறு நாடகமொன்றை எழுதினார். அதில் காதலிக்காக அரண்மனையில் காத்திருக்கும் ஷேக்ஸ்பியர், உறக்கத்தில் நடக்கும் எலிசபெத் அரசியைத் தம் காதலியென மயங்குகிறார். ஷாவுக்கு ஃபிட்டன் கருத்தில் நம்பிக்கையில்லை. முன்னுரையில் அதை ஒளிக்கவும் இல்லை.

அந்தோணி பர்ஜஸின் நத்திங் லைக் த சன் (1964) புதினம் ஷேக்ஸ்பியரின் காதல் வாழ்வைக் கற்பனையாகக் கூறுகிறது. மலாயாவில் ஆசிரியராகப் பணியாற்றிய பர்ஜஸ், கருநங்கையைக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த ஃபாத்திமாவாகப் படைத்தார். சாலி ஓ'ரெய்லியின் டார்க் எமிலியா (2014), மேரி ஷாரட்டின் த டார்க் லேடீஸ் மாஸ்க் (2016) ஆகியவற்றில் நாயகி லேனியரே. 2018இல் லண்டன் குளோப் அரங்கில் மேடையேறிய மோர்கன் லாய்டு மால்கமின் எமிலியா நாடகம், ஒரே பாத்திரத்தை மூன்று நடிகையரைக் கொண்டு மூன்று பருவங்களில் காட்டியது. ஜோடி பிக்கோல்ட் 2024இல் வெளியிட்ட பை எனி அதர் நேம் புதினத்தில், ஷேக்ஸ்பியரின் பெயரில் வந்த நாடகங்களை எழுதியவராகவே எமிலியா சித்திரிக்கப்படுகிறார். இதற்கு ஆய்வாளர்களின் ஏற்பு இல்லை.