முப்புரிக் கயிறும் உயிரணுவின் வலையும்

தைப்பிங்கில் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் பயிலும் நம் மாணவனிடம், உயிரணுவின் உள்ளே மடிப்பு மடிப்பாகப் பரந்து கிடக்கும் சவ்வின் பெயர் யாது எனக் கேட்டால், 'ஜாலினான் எண்டோபிளாஸ்மா' என்று மலாய் மொழியில் தயங்காது விடை கூறுவான். தமிழில் கேட்டால் விழிப்பான். குற்றம் அவனுடையதன்று. இலங்கைப் பாடநூல்கள் 'அகமுதலுருச் சிறுவலை' என்கின்றன. தமிழகத்தார் 'எண்டோபிளாச வலை' என்று எழுதுகின்றனர். மலாய்ச் சொல்லாகிய ஜாலினான் பின்னல் என்னும் பொருளது, பொருத்தமான பெயரே. நாம் இங்கு வலை என்றே சுருங்கச் சொல்வோம்.

இவ்வலையை முதன்முதலாகத் தெளிவுறக் கண்டவர்கள் நியூயார்க் ராக்பெல்லர் நிலையத்தார். 1945-இல் போர்ட்டர், கிளாட், புல்லம் ஆகிய மூவரும் கோழிக்கருவின் உயிரணுவை எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் வைத்து நோக்கினர். சரிகைப் பின்னல் போன்றதோர் அமைப்புத் தென்பட்டது. 1953-இல் போர்ட்டர் அதற்குப் பெயரிட்டார். அவ்வலையின் மேல் ஒட்டியிருக்கும் நுண்மணிகளைப் பலாடே என்பார் ஆராய்ந்தார். அம்மணிகளே புரதத்தைக் கோப்பவை எனப் பின்னர்த் தெளிவாயிற்று. கோத்த புரதம் வலைக்குள் புகுந்து, அங்கே உரிய வடிவில் மடிக்கப்படுகிறது.

மடிப்பு என்றோம். மடிப்பதற்கு ஒரு வடிவம் வேண்டுமன்றோ? நம் உடலில் மிகுதியாக உள்ள புரதமாகிய கொலாஜனின் வடிவம் யாது என்பது அக்காலத்தே பெரிய புதிராயிருந்தது. தோல், எலும்பு, தசைநாண் யாவற்றுக்கும் உறுதி தருவது இதுவே. அமெரிக்கப் பேரறிஞர் பாலிங் 1951-இல் ஒரு வடிவம் கூறினார், அது பொருந்தவில்லை. புதிரை அவிழ்த்த இடம் சென்னை.

எர்ணாகுளத்திற் பிறந்த கோ. நா. இராமச்சந்திரன், 1952-இல் தம் முப்பதாம் அகவை நிறையுமுன்னரே சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார். அவ்வாண்டு சென்னைக்கு வந்த அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்காமலிருப்பதை எடுத்துரைத்தார். இராமச்சந்திரன் அதனைப் பற்றிக்கொண்டார். கங்காருவின் வால் தசைநாணிலிருந்து பெற்ற கொலாஜனில் எக்ஸ்-கதிரைச் செலுத்திப் படம் எடுத்தனர். கொலாஜனின் இழையில் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் நிற்கிறது. இக்கணக்கே அவருக்கு வழிகாட்டியது. மூன்று இழைகள் சேர்ந்து முறுக்குண்ட கயிறு அது; கயிற்றின் நடுவே இடமில்லையாதலின், அங்கே கிளைசின் ஒன்றே அடங்கும். கோபிநாத் கர்த்தாவும் அவரும் 1954-இல் 'நேச்சர்' இதழில் இதனை வெளியிட்டு, 1955-இல் திருத்தியமைத்தனர்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக், ரிச் ஆகிய இருவரும், இவ்வடிவில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன எனக் குறை கூறித் தம் திருத்தத்தை வெளியிட்டனர். பிணைப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை அவர்கள் கூற்றே நிலைத்தது. முப்புரி என்னும் அடிப்படையோ சென்னைக்கு உரியது. மறுப்பைக் கேட்டுச் சோர்ந்திருப்பவர் பலர். இராமச்சந்திரனோ, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்னும் கேள்வியையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் வெளியிட்ட வரைபடம் அவர் பெயராலேயே வழங்குகிறது. எப்புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும், அது சரிதானா என்று அவ்வரைபடத்தை வைத்தே இன்றளவும் சோதிக்கின்றனர்.

நிற்க. அந்த முப்புரிக் கயிறு திரிக்கப்படும் இடம் நம் வலையே. இழைகள் வலைக்குள் புகுந்ததும், அவற்றிலுள்ள புரோலின் பலவற்றில் ஒரு நொதி ஆக்சிஜனைச் சேர்க்கிறது. அந்நொதி ஓயாது வேலை செய்ய வைட்டமின் சி வேண்டும். பின்னரே மூன்று இழைகளும் ஒரு முனையிற் பிணைந்து, மறுமுனை நோக்கி முறுக்கேறுகின்றன. வைட்டமின் இல்லாவிடின் என்னாகும்? ஆக்சிஜன் சேராத கயிறு ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திலேயே பிரிந்துவிடும். நம் உடலின் வெப்பமோ 37 பாகை. ஆதலால் உறுதியான கயிறு உண்டாவதில்லை. ஈறுகளில் குருதி கசிகிறது. ஆறிய புண்ணும் மீண்டும் பிளக்கிறது. மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் இதுவே. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் பன்னிரண்டு நோயாளரைச் சோதித்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டோரே விரைந்து தேறியதைக் கண்டார். பழம் நோயைத் தீர்த்தது தெரிந்தது. ஏன் தீர்த்தது என்பது தெரிய இரு நூற்றாண்டுகளுக்கு மேலாயின.

பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோயும் ஒன்றுண்டு. அந்நோயாளர் பலரிடம், கிளைசின் இருக்கவேண்டிய இடம் ஒன்றில் பெரியதோர் அமினோ அமிலம் வந்து நிற்கிறது. நடுவே இடமில்லை என்று சென்னையில் கண்டதன் பொருள் இங்கே புலனாகும். முறுக்கு அவ்விடத்தே தடைப்படுகிறது. கோணிய கயிறுகள் வலைக்குள் தேங்க, வலை வீங்குகிறது.

வலை இத்தேக்கத்தை உணரும் என்பது பிற்காலக் கண்டுபிடிப்பு. ஜப்பானியர் மோரியும் பீட்டர் வால்டரும் 1990-களில் காடியணுக்களை ஆராய்ந்து, மடியாத புரதம் பெருகினால் வலை உட்கருவுக்குச் செய்தி அனுப்புவதையும், மடிக்கத் துணைபுரியும் புரதங்கள் கூடுதலாக உண்டாவதையும் காட்டினர். நம்மைப் போன்ற உயிர்களிலோ, அவ்வளவிலும் சுமை தணியாவிடின் உயிரணு தன்னையே மாய்த்துக்கொள்கிறது.

இது எட்டாத செய்தியன்று. இன்சுலினும் இவ்வலையில் மடிக்கப்படும் புரதமே. உடல் இன்சுலினுக்கு இணங்காதபோது கணையத்தின் உயிரணுக்கள் மேலும் மேலும் அதனைச் சுரக்க முயன்று சுமையால் நலிகின்றன. நீரிழிவு முற்றுதற்கு இதுவும் ஒரு காரணம் என ஆய்வாளர் கருதுவர். மலேசியத் தேசிய சுகாதார ஆய்வின்படி 2019-இல் இந்நாட்டு இந்தியருள் வயதுவந்தோரில் பத்துக்கு மூவர் அளவில் நீரிழிவு இருந்தது. மற்ற பெரிய இனத்தாரைவிட இது மிகுதி.

இராமச்சந்திரன் 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை.