பைக்காராவிலிருந்து பேட்டரி வரை: நம் ஊர் கரண்டின் கதை

சென்ற பொதுக்குழுவில் வரவு செலவு படித்து முடித்ததும் சங்கக் கூடத்து இன்வர்ட்டரைப் பற்றிப் பேச்சு வந்தது. பேட்டரி செத்துவிட்டது. புதிதாக வாங்கினால் பெரிய செலவு. "இப்பத்தான் கரண்டே போறதில்லையே சார், எடைக்குப் போட்டுடலாமே" என்றார் இளைய உறுப்பினர் ஒருவர். அவர் நம் நகருக்குக் குடிவந்தது 2019இல். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தப் பெட்டி அங்கே எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் அன்றைய கூட்டத்தில் ஆறேழு பேர்தான் இருந்தோம். "அதை நம்ம இதழுக்கு எழுதிக் குடுங்க" என்று செயலாளர் சொன்னார். 2012இல் தொடங்கி எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். யோசிக்க யோசிக்கக் கதை எங்கள் அப்பாரு காலத்துக்குப் போய்விட்டது.

அன்னூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருந்தது. அந்தக் காலத்தில் கிணற்றுத் தண்ணீரை எடுக்கக் கவலைதான். விடியற்காலை இருட்டிலேயே மாடுகளைப் பூட்டி, சரிவில் முன்னும் பின்னும் ஓட்டி, தோல் பறியில் தண்ணீர் இறைக்க வேண்டும். நம் பக்கம் மழை குறைவு, கிணறு ஆழம். இரண்டு மாடும் ஓர் ஆளும் பாதி நாள் உழைத்தாலும் கால் ஏக்கர் நனைவது பெரும்பாடு என்று அப்பாரு சொல்வார்.

இதை மாற்றியது நீலகிரியிலிருந்து வந்த கம்பி. பைக்காரா ஆற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாக 3,000 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து சிங்காராவில் இறக்கி மின்சாரம் எடுக்கும் திட்டம் அது. அன்றைய சென்னை அரசாங்கத்தில் சட்ட உறுப்பினராக இருந்த சர் சி.பி. ராமசாமி அய்யர் இதற்காகப் பெரிதும் முயன்றவர். 1932இல் பைக்காரா மின்சாரம் தரத் தொடங்கியது. கோயமுத்தூரில் அதற்கு முன்பும் மில் இருந்தது. ஸ்டேன்ஸ் மில் 1888லேயே வந்துவிட்டது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் சினிமாக் கொட்டகையும் கட்டிவிட்டார். அதெல்லாம் நீராவியிலும் ஆயில் எஞ்சினிலும் ஓடிய காலம். பைக்காரா வந்த பிறகு நம் ஊரில் மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மில்லுக்கு உதிரிபாகம் செய்ய பவுண்டரி, பவுண்டரிக்குப் பக்கத்தில் லேத் பட்டறை, பட்டறையிலிருந்து மோட்டார், பம்பு என்று ஊரே அந்தக் கம்பியைச் சுற்றி வளர்ந்தது. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் இங்கேயே மோட்டார் செய்ததாகச் சொல்வார்கள். எங்கள் தோட்டத்துக்கு மோட்டார் வந்தது நான் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னால். கவலை மாடுகளை அப்பாரு விற்கவில்லை. கரண்டை நம்ப முடியாது என்பாராம்.

அவர் பயந்தது வேறு விதமாக நடந்தது. 1970இல் விவசாய மின்கட்டணத்தை யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில் உயர்த்தினார்கள். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ராத்திரி பகலாகப் பம்பு ஓடும் தோட்டத்துக்கு அது சிறிய தொகை இல்லை. பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். நம் சத்தி ரோட்டுப் பக்கத்து வையம்பாளையத்துக்காரரான நாராயணசாமி நாயுடுதான் விவசாயிகளுக்குத் தலைவராக நின்றார். மறுபடியும் 1972இல் கட்டணத்தை எதிர்த்து மாட்டு வண்டிகளைக் கோயமுத்தூருக்குள் கொண்டுவந்து ரோடுகளை அடைத்தார்கள். எங்கள் வண்டியும் போனது. எனக்கு அப்போது 12 வயது. கூட வருகிறேன் என்று அழுதேன், அப்பா கூட்டிப் போகவில்லை. விற்காமல் வைத்திருந்த மாடுகளுக்கு அப்படி ஒரு வேலை கிடைத்தது.

பின்னால் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. ஆனால் மும்முனை மின்சாரம் நாளில் சில மணி நேரம்தான். மீதி நேரத்துக்குக் கண்டன்சர் மாட்டி, இருமுனையிலேயே மோட்டாரை ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் நம் ஆட்கள். வாரியம் கொடுப்பதற்கும் நமக்கு வேண்டியதற்கும் நடுவே ஒரு பெட்டியை வைத்துச் சமாளிக்கும் வழக்கம் இங்கே அப்போதே இருந்தது.

நான் 1983இல் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தேன். மலையில் மழை பொய்த்தால் மில்லுக்கு மின்வெட்டு வரும், கிளையில் ஃபேன் நிற்கும். வேலை நிற்காது. ஜன்னலைத் திறந்து வைத்து லெட்ஜர் எழுதுவோம். பேனாவுக்குக் கரண்ட் எதற்கு? அதே ஆண்டு செப்டம்பரில்தான் வங்கி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் இயந்திரமயமாக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சில ஆண்டுகளில் எங்கள் கிளைக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது. கூடவே ஓர் அறை மூலையில் பேட்டரிகளும் யூ.பி.எஸ். பெட்டியும் வந்தன. அதுவரை இருட்டினால் எங்களுக்கு வியர்வை மட்டும்தான். அன்று முதல் பேட்டரி இறங்கினால் பாஸ்புக் என்ட்ரியும் நின்றது.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பொறியாளர் ஒருவரிடம் கேட்டேன். பேட்டரியில் இருப்பது ஒரே திசையில் ஓடும் நேர் மின்சாரம். கம்பியில் வருவது நொடிக்கு 50 சுற்று திசை மாறும் மின்சாரம். மாறுவதை நேராக்கும் கருவிக்கு ரெக்டிஃபையர் என்று பெயர். அதைத் தலைகீழாக்கினால் இன்வர்ட்டர். 1925இல் டேவிட் பிரின்ஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர் இந்தத் தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். அன்று பெரிய பெரிய வால்வுகள் வைத்துச் செய்தார்கள், பிறகு தைரிஸ்டர், டிரான்சிஸ்டர் என்று சுருங்கி, கடைசியில் அலமாரியில் வைக்கிற அளவுக்கு வந்தது. மலிவான பெட்டிகளில் அலை சதுரமாக வரும். ஃபேன் 'ங்ங்' என்று இரைவது அதனால்தான். சைன் வேவ் பெட்டியில் அந்த இரைச்சல் இல்லை.

இனி 2008. அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் மின் கட்டுப்பாடு முறையாக அமலுக்கு வந்தது. தேவை ஏறிக்கொண்டே போனது, புதிய மின் நிலையங்கள் தாமதப்பட்டன. 2010 நவம்பர் 1 அன்று மின்வாரியத்தை டான்ஜெட்கோ, டான்டிரான்ஸ்கோ என்று இரண்டாகப் பிரித்தார்கள். பிரித்ததனால் ஒரு யூனிட்டும் கூடவில்லை. பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட் வரை போனது. சென்னைக்கு 2 மணி நேரம் வெட்டு என்றால் நமக்கு 8 மணி, 10 மணி, 2012 கடைசியில் அதற்கும் மேலே. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலை சுற்றும் ஆடிக் காற்றுக் காலத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம். புரட்டாசி வந்தால் பழையபடிதான்.

வட இந்தியாவில் மின்சாரம் மிச்சமிருந்தாலும் நமக்கு வேண்டிய அளவு வராது. அப்போது தென்னிந்திய மின் தொகுப்பு தனியாக இருந்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கே பாதி நாடு இருளில் மூழ்கியபோது நமக்கு ஒன்றும் ஆகாததும் அதே காரணத்தால்தான். அந்த இரண்டு நாள் டெல்லிக்காரர்கள் பட்டதைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நாங்கள் வீட்டுக்கு இன்வர்ட்டர் வாங்கியது 2009இல். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி. பெருக்கினால் 1.8 யூனிட். இரண்டு ஃபேன், இரண்டு டியூப்லைட், ஒரு டிவி ஓட்டினால் மணிக்குச் சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். கரண்ட் வந்ததும் சார்ஜர் 15 ஆம்பியர் போடும், இழப்பு போக உள்ளே நிற்பது 12 என்று வையுங்கள். நான் பி.காம். படித்தவன், எனக்கு இது சேமிப்புக் கணக்காகத்தான் தெரிந்தது. ஒரு மணி நேரம் 20 எடுக்கிறோம், அடுத்த மணி 12 கட்டுகிறோம். இரண்டு மணிக்கு 8 துண்டு விழுகிறது. 150 இருந்த கணக்கு ஒன்றரை நாளில் காலி. 2012இல் எல்லார் வீட்டிலும் சிவப்பு விளக்கு எரிந்ததற்கு இந்தக் கணக்குதான் காரணம். முழுதாக சார்ஜ் ஏறாமல் கிடந்தால் பேட்டரியின் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து அதன் ஆயுளும் போய்விடும். என் இரண்டாவது பேட்டரி 14 மாதத்தில் போனது. வாரன்ட்டி அட்டையோடு கடைக்குப் போனேன், தண்ணீர் சரியாக ஊற்றவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தேன், காட்டினேன். பலன் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பேட்டரியிலிருந்து ஒரு யூனிட் எடுக்க, கம்பியிலிருந்து ஒன்றரை யூனிட்டாவது வாங்க வேண்டும். கரண்ட் வந்த அந்த நிமிடமே ஊரிலுள்ள எல்லாப் பெட்டியும் சேர்ந்து உறிஞ்சும். பற்றாக்குறை நேரத்தில் நாம் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டோம், வாங்க முடிந்தவர்கள் மட்டும்.

வாங்கியும் பயனில்லாதவர்கள் பட்டறைக்காரர்கள். எங்கள் எதிர் வரிசையில் ஒருவர் ஷெட் போட்டு ஜாப் ஒர்க் செய்துவந்தார். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். 5 எச்.பி. மும்முனை மோட்டாரை வீட்டு இன்வர்ட்டர் அசைக்காது. ஓடும்போதே 3.7 கிலோவாட், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு கேட்கும். ஜெனரேட்டர் வைத்தால் டீசல் யூனிட் விலை வாரியக் கட்டணத்தைப் போல இரண்டரை மடங்கு. பீஸுக்குக் கூலியைக் கம்பெனிக்காரர்கள் ஏற்றித் தரமாட்டார்கள். சிறுதொழில் சங்கங்கள் போராட்டம் நடத்தின, மனு கொடுத்தன. இவர் ராத்திரி 11 மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்துபோய் லேத்தை ஓட்டுவார். தூக்கம் கெடுகிறது என்று நம் சங்கத்துக்கே புகார் வந்தது. செயற்குழுவில் நானும் இருந்தேன். ராத்திரி ஓட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. "செரிங்க சார்" என்றார், அவ்வளவுதான். என் வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த பிப்ரவரியில்தான் சங்கக் கூடத்துக்கு இன்வர்ட்டர் வந்தது. மார்ச்சில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பரீட்சை. இன்வர்ட்டர் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மெழுகுவத்தியில் படித்தார்கள். வீட்டுக்கு 500 ரூபாய் என்று வசூல் செய்து, நான்கு டியூப்லைட், இரண்டு ஃபேனுக்குப் பெட்டி போட்டோம். சாயங்காலம் ஆறரை முதல் பத்து வரை கூடம் திறந்திருக்கும். பட்டறைக்காரரும் 500 கொடுத்தார். புகார் போன ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அவர் பையனும் என் மகளும் ஒரே வருடம் பிளஸ் டூ. இருவரும் அங்கேதான் படித்தார்கள். பேட்டரி கணக்கு துண்டு விழாமலிருக்க ஃபேன் ஒன்றை நிறுத்திவைப்போம். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே படித்தார்கள்.

பட்டறை 2013இல் மூடியது. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூர்-சோலாப்பூர் கம்பி வழியாகத் தென்னகம் தேசிய மின் தொகுப்போடு இணைந்தது. கூடங்குளமும் புதிய அனல் நிலையங்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 2014க்குப் பிறகு வெட்டு படிப்படியாகக் குறைந்தது. லேத்துகளை அவர் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்திருந்தார். ஒரு வருடம் தாக்குப் பிடித்திருந்தால் போதும் என்று பின்னால் பலர் சொன்னார்கள். அந்த ஒரு வருடத்துக்கு வட்டி யார் கட்டுவது என்று யாரும் சொல்லவில்லை.

கூடத்துப் பெட்டிக்கு அதற்குப் பிறகு பெரிய வேலை இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது நம் ஆட்கள் சிலர் அரிசி, தார்பாய், மெழுகுவத்தியோடு ஒரு வேனில் பட்டுக்கோட்டைப் பக்கம் போனோம். ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. மற்ற மாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் அங்கே போய்க் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். கொண்டுபோனதில் அதிகம் கூட்டம் சேர்ந்தது வேன் டிரைவர் வைத்திருந்த கையடக்கக் கார் இன்வர்ட்டரிடம். வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டுவது, 100 வாட் வரை தாங்கும். ஒரே நேரத்தில் ஏழெட்டு போன் சார்ஜ் போட்டோம். பல வீடுகளில் வெளியூர்ப் பிள்ளைகளிடம் பேசி நாலைந்து நாள் ஆகியிருந்தது. டிரைவர் எஞ்சினை ஓடவிட்டே போட்டார். நிறுத்திவிட்டுப் போட்டால் கடைசியில் வண்டியே கிளம்பாது. வண்டியை வெட்டவெளியில்தான் நிறுத்தினார். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சின் புகை ஆளைக் கொன்றுவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மலையேற்றம், கூடாரம் என்று கிளம்பும் நம் நகர் இளைஞர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பொதுக்குழுவில் இதையெல்லாம் இவ்வளவு நீளமாக நான் சொல்லவில்லை. 500 ரூபாய் கதையை மட்டும் சொன்னேன். புதிய பேட்டரி வாங்கத் தீர்மானம் நிறைவேறியது. எடைக்குப் போடலாம் என்ற தம்பியே வழிமொழிந்தார். பழைய பேட்டரியைக் கடையில் மாற்றாகக் கொடுத்ததில் கொஞ்சம் கழிந்தது. பில் பொருளாளரிடம் இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். தேதி எழுதும் நோட்டைப் பெட்டிக்கு மேலே நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இந்த முறை யாரும் வாரன்ட்டியில் கை வைக்க முடியாது.