கண்மாய்க்குள் ஏறிய வேலி: அருப்புக்கோட்டை – திருச்சுழி வறண்ட நிலத்தில் சீமைக் கருவேலத்தின் வரலாறு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிப் பக்கம் போகிறவர் கண்ணில் படும் மரங்களில் பெரும்பான்மை சீமைக் கருவேலம். கண்மாயின் உள்வாய், வரத்துக்கால், உழவு விட்டுப்போன புஞ்சை, குண்டாற்றுப் படுகை என்று எல்லா இடத்திலும் அதுதான் நிற்கிறது. இது எப்படி வந்தது என்று ஊரில் கேட்டால் இரண்டு பதில்கள் வரும். வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்பார்கள் சிலர்; காமராசர் ஆட்சியில் (1954–63) வேலிக்கும் விறகுக்கும் விதை கொடுத்தார்கள் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே விதை வந்த கதைகள். காடு உண்டான கதையை அவற்றிலிருந்து பெற முடியாது. சென்னை மாகாணத்துக்கு விதை வந்தது 1877-ல். இந்தச் சீமையில் மரம் நிலத்தை மூடத் தொடங்கியதோ 1960-களுக்குப் பிறகு. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அது ஏன் அடங்கிக் கிடந்தது, பிறகு எதனால் கட்டவிழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடையில் பாதி மரத்தின் குணத்தில் இருக்கிறது. மறுபாதி, கண்மாயும் புஞ்சையும் கைவிடப்பட்ட விதத்தில் இருக்கிறது என்பது என் துணிபு.

எது எந்த மரம்

வரலாற்றுக்குள் நுழையும் முன் மரங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பழைய ஆவணம் ஒன்றில் 'வேல மரம்' என்று கண்டவுடன் அதை இன்றைய சீமைக் கருவேலமாகப் படித்துவிட்டால் காலக்கணக்கே தவறிப்போகும். இந்த நிலத்துக்கு முள்மரங்கள் புதியவை அல்ல. கருவேலம், வெள்வேலம், உடை, வன்னி நான்கும் இங்கே தொன்றுதொட்டு வளர்பவை. 1915 முதல் வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரத் தொகுதிகளில் இந்த நான்கும் அக்காலத்து அறிவியல் பெயர்களோடு இடம்பெற்றிருக்கின்றன. உடைமரத்துக்கு அதற்கும் முன்பே, 1834-ல், ராபர்ட் வைட்டும் ஆர்னட்டும் அறிவியல் பெயர் சூட்டிவிட்டார்கள். தென்னிந்தியாவின் வறண்ட பகுதிகளையும் இலங்கையையும் விட்டால் அந்த மரத்துக்கு வேறு தாயகம் கிடையாது. நம் நிலத்துக்கே உரிய மரம் என்று சொல்லத்தக்கது இதுதான். ஆனால் இன்று அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான்.

கருவேலத்தின் பட்டை கறுத்து, நெடுக வெடித்திருக்கும். முள் வெளுத்து, நேராக, கணுவுக்கு இரண்டாக நிற்கும். பூ பொன்னிற உருண்டை. நெற்று சாம்பல் நிறத்தில், விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்த மாலை போலத் தொங்கும். ஓரிலையில் மூன்று முதல் ஆறு சோடி வரை கிளைக்காம்புகள் இருக்கும். வெள்வேலத்தைப் பட்டையின் வெளிர் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். அதன் பூ பாலேடு நிறத்தில் கொத்துக்கொத்தாகக் கிளை நுனியில் பூக்கும். உடைமரத்தின் தலை குடை விரித்தாற்போல் தட்டையானது. நீண்ட வெள்ளை முள்ளும் குட்டையான வளைந்த முள்ளும் ஒரே கிளையில் கலந்திருக்கும், நெற்று சுருண்டுகொள்ளும். வன்னிக்கு முள் கணுவோடு நிற்பதில்லை, கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் சிறுசிறு கூம்புகளாகச் சிதறியிருக்கும். அதன் பூ உருண்டையாக இல்லாமல் மெல்லிய கதிராக வரும்.

சீமைக் கருவேலத்தின் பூவும் கதிர்தான். கருவேலத்தோடு அதற்கு உள்ள ஒற்றுமை தூரத்துத் தோற்றத்தோடு முடிந்துவிடுகிறது. அதன் கிளை கணுவுக்குக் கணு வளைந்து வளைந்து போகும். இலையில் கிளைக்காம்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு சோடி, மிஞ்சினால் மூன்று. நெற்று வைக்கோல் நிறத்தில், சற்றே வளைந்து, தடித்திருக்கும். முற்றினாலும் தானாக வெடிக்காது, கடித்தால் இனிக்கும். அடியிலிருந்தே பல தண்டுகள் கிளம்பும். கத்திரி வெயிலில் மற்றவை வாடி நிற்கையில் இது மட்டும் பச்சையாக நிற்பது, தூரத்திலிருந்தே அறியக்கூடிய அடையாளம்.

1788-ல் சுவார்ட்ஸ் இதை முதலில் தொட்டாற்சுருங்கியின் பேரினத்தில் விவரித்தார். 1825-ல் டி கண்டோல் இதை வன்னியின் பேரினமான புரோசோபிஸில் சேர்த்தார். அந்தப் பேரினமும் 2022-ல் பிரிக்கப்பட்டது. சீமைக் கருவேலம் உட்பட அமெரிக்கக் கண்டத்து மரங்களில் பெரும்பாலானவை நெல்ட்டூமா என்ற பெயருக்குப் போய்விட்டன. நம் வன்னி பழைய பெயரிலேயே நிற்கிறது. ஆக, கருவேலத்துக்கு மட்டுமல்ல, வன்னிக்கும் இது நெருங்கிய உறவு இல்லை என்பது இப்போது தெளிவு.

தாது வருஷத்து விதை

1876-ல் சென்னை மாகாணத்தின் வடக்கு வட்டக் காட்டுப் பாதுகாவலராக இருந்தவர் கர்னல் பெட்டோம். தென்னிந்திய மரங்களைப் பற்றிப் படங்களோடு பெருநூல் எழுதியவர்; இந்த மண்ணின் மரங்களை அவரளவு அறிந்த அதிகாரிகள் அன்று குறைவு. அவர்தான் வறண்ட நிலங்களில் நடுவதற்கு ஜமைக்காவிலிருந்து இம்மரத்தின் விதையைத் தருவிக்கும்படி அரசின் வருவாய்த் துறைக்கு எழுதினார். விதை வந்து 1877-ல் கடப்பைப் பகுதியில் கமலாபுரத்தில் நடப்பட்டது. அது தாது வருஷப் பஞ்ச காலம். மாகாணத்தின் வறண்ட மாவட்டங்கள் விறகுக்கும் தீவனத்துக்கும் தவித்த நேரத்தில், கவனிப்பில்லாமல் வளரும் ஒரு மரத்தை அவர் தேடியதில் நியாயம் இருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் சிந்துப் பகுதியிலும் இது நடப்பட்டது. 1913-ல் மார்வார் சமஸ்தானத்துக்குப் போனது. 1940-ல் அங்கே இதற்கு அரச மரியாதையே கிடைத்து, 'ராஜ மரம்' என்று அறிவித்துப் பாதுகாத்தார்கள்.

தெற்கே இது முதலில் வேலியாகத்தான் வந்தது. 'வேலிக்காத்தான்' என்று மக்கள் அழைப்பதே அதற்குச் சான்று. ஆடு மாடு இதன் இலையைக் கடிப்பதில்லை, முள்ளை மீறி உள்ளே வருவதும் இல்லை. தோட்டத்தைக் காக்க வேறென்ன வேண்டும்? 1950-ல் தொடங்கிய வனமகோத்சவமும் காமராசர் காலத்து விறகுத் தேவையும் மரம் நடுவதை ஊர்தோறும் கொண்டுசென்றன. ஊர்ப்பேச்சில் இருக்கும் இரண்டாவது பதிலுக்கு இதுவே அடிப்படை. ஆனாலும் வரப்பில் நின்ற மரம் வரப்பிலேயே நின்றது. காரணம் எளிமையானது. நெற்று பழுத்து உதிர்வது கோடையில். ஆடும் மாடும் அதைத் தின்கின்றன; கெட்டியான விதை செரிக்காமல் சாணத்திலும் புழுக்கையிலும் வெளியேறி, முதல் மழைக்கு முளைக்கிறது. அப்போது புஞ்சையில் ஏர் ஓடினால் அந்த முளை அங்கேயே செத்தது. கம்பும் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும் ஆண்டுதோறும் விதைக்கப்பட்ட வரையில், கலப்பைதான் இம்மரத்தைக் கட்டிவைத்திருந்தது. வேலிகளில் நின்ற மரங்கள் அந்த எண்பது ஆண்டுகளும் விதையைச் சேர்த்துக்கொண்டிருந்தன. இறங்க இடம் கிடைக்கவில்லை.

கண்மாய் காய்ந்தபோது

இந்த வட்டாரத்தின் ஆண்டு மழை சுமார் 800 மி.மீ. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்துவிடும். அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்கத்தான் கண்மாய். இராமநாதபுரம் சமஸ்தானத்தின் கீழ் இருந்த வரையில் கண்மாய்களைப் பழுதுபார்க்கும் பெரும் பொறுப்பு ஜமீனுடையது. வரத்துக்கால் வெட்டுவது, மடை அடைப்பது, கரைக்கு மண் போடுவது எல்லாம் குடிமராமத்தாக ஊரார் கையில் இருந்தன. அந்த ஏற்பாட்டில் கொடுமைகளும் இருந்தன. குடிமராமத்துக்கு ஆள் வராவிட்டால் கட்டாயப்படுத்த 1858-ல் சட்டமே போட வேண்டியிருந்தது. அதை இலட்சியப்படுத்த வேண்டியதில்லை. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது நியாயமான விஷயம். ஆனால் கண்மாய்களின் நிலை இரண்டாகப் பிரிந்தது. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளவை பொதுப்பணித் துறைக்கும், அதற்குக் கீழ்ப்பட்டவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. திருச்சுழி, நரிக்குடிப் பகுதியில் சிறு கண்மாய்களே அதிகம். பணமும் ஆளும் இல்லாத ஒன்றியங்களிடம் அவை போய்ச் சேர்ந்தன.

1960-61-ல் தமிழகத்தில் கண்மாய், ஏரிப் பாசனம் பெற்ற நிலம் ஒன்பது இலட்சம் ஹெக்டேருக்கு மேல். நாற்பது ஆண்டுகளில் அது ஆறு இலட்சத்தை ஒட்டிச் சுருங்கிவிட்டது. இந்தச் சரிவும் சீமைக் கருவேலத்தின் பரவலும் ஒரே காலத்தவை என்பதைத் தற்செயலாகக் கொள்ள முடியாது. கண்மாயில் மூன்று நான்கு மாதம் தண்ணீர் நின்றால் இம்மரத்தின் இளங்கன்று மூழ்கி அழுகிவிடும். வண்டல் மேடிட்டு, வரத்துக்கால் அடைபட்டு, தை மாதமே உள்வாய் காய்ந்துபோனால் கன்று தப்பிக்கிறது. ஒரு முறை தப்பிய கன்று மறு வருஷத் தண்ணீரை ஆளுயரத்தில் நின்று தாங்கிவிடும். தண்ணீர் குடிக்க வந்த ஆடு மாடுகளே உள்வாயில் விதை போட்டுவிட்டுப் போயின. வளர்ந்த மரமும் தண்ணீர் வரும் வழியை அடைத்தது; வழி அடைபட அடைபடக் கண்மாய் இன்னும் சீக்கிரம் காய்ந்தது.

கண்மாய்க்குரிய மரம் எது என்பதை ஊரார் அறியாதவர்கள் அல்லர். கருவேலம் மாதக்கணக்கில் நீரில் நிற்கக்கூடியது. ஏருக்கும் வண்டிச் சட்டத்துக்கும் அதன் வைரம் பாய்ந்த கட்டை வேண்டும். கோடையில் துரட்டியால் அதன் நெற்றை உலுக்கி ஆட்டுக்குப் போடுவார்கள். கிடை போட்ட இடத்தில் பொறுக்கிய விதை நன்றாக முளைக்கும் என்பதும் ஆட்டுக்காரர்கள் அறிந்ததே. 1981-ல் சுவீடன் அரசின் உதவியோடு தொடங்கிய சமூகக் காடுகள் திட்டம் இதே மரத்தைத்தான் கண்மாய் உள்வாய்களில் நட்டது. வெட்டிய வருமானத்தில் ஊராட்சிக்கும் பங்கு உண்டு. தேர்வு சரிதான். ஆனால் வெட்டிய கருவேலத் தூர் எளிதில் துளிர்ப்பதில்லை. சீமைக் கருவேலத் தூர் வெட்ட வெட்டத் துளிர்க்கும். மறுநடவு தொடராத இடத்தில் எது நிலைக்கும் என்பது அந்த ஒரு வேறுபாட்டிலேயே முடிவாகிவிட்டது.

கரிமூட்டம்

புஞ்சையின் கதையும் இதேபோல்தான். மழை பொய்த்த ஆண்டுகளில் உழவு நின்றது. அருப்புக்கோட்டை மில்லுக்கும், சிவகாசிக்கும், பிறகு திருப்பூருக்கும் ஆட்கள் போனார்கள். இரண்டு வருஷம் தரிசு விழுந்த நிலத்தில் மூன்றாம் வருஷம் ஏர் இறங்காது, ஏனென்றால் அங்கே தூர் நின்றது. கலப்பை கட்டிவைத்திருந்த மரம் கலப்பையையே உள்ளே விடவில்லை.

அதற்குள் மரத்துக்கு விலையும் வந்துவிட்டது. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நிலத்துக்காரர் குத்தகைக்கு விட்டால், வெட்டுகிறவர்கள் விறகாகவோ கரியாகவோ ஆக்கிக்கொள்கிறார்கள். வெட்டிய கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, தழையும் வைக்கோலும் போர்த்தி, மேலே ஈரமண் பூசி, அடியில் தீ வைப்பார்கள். காற்று அளவாகப் போக வேண்டும். கூடினால் கட்டை சாம்பல், குறைந்தால் அரைவேக்காடு. வெள்ளைப் புகை நீலம் பாரிக்கும்வரை இரவும் பகலும் ஒருவர் காவல் இருப்பார். தூரிலிருந்து எடுத்த கரிக்கு விலை கூடுதல், கனமாகவும் நின்று எரிவதாகவும் இருப்பதால். மழையில்லாத வருஷங்களில் நிலமில்லாத குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது இந்த வேலை. இம்மரத்தை வெறும் பகையாக எழுதுகிற கட்டுரைகள் இவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. அது எனக்கு உடன்பாடில்லை.

வழக்கும் கொள்கையும்

2015-ல் சீமைக் கருவேலத்தை அகற்றக் கோரும் வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. 2017-ல் தென்மாவட்டங்களில் அகற்ற உத்தரவாகி, கலெக்டர் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை வெட்ட இறங்கினார்கள். அதே ஆண்டில் சென்னையில் முதன்மை அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. 2022-ல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றி இயற்கை நிலத்தை மீட்பதற்கான கொள்கையைத் தமிழக அரசு வெளியிட்டது. அந்த ஆண்டுகளில் இம்மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுக்கிறது என்ற பேச்சு பலமாகப் பரவியது. அதற்குச் சான்று கிடையாது. வேர் ஆழமாகப் போகும், கீழே பிற செடிகளை வளரவிடாது, நீர்வழியை அடைக்கும் என்பவை உண்மை. குற்றஞ்சாட்ட இவையே போதும்.

அவசர வெட்டில் இரண்டு தவறுகள் நேரக்கூடும். ஒன்று, முள்ளைப் பார்த்தவுடன் உடையையும் வெள்வேலையும் சேர்த்துச் சாய்ப்பது. மற்றொன்று, தரைமட்டத்தில் வெட்டிவிட்டு முடிந்தது என்று போவது. துளிர் கிளம்புவது தண்டும் வேரும் சேரும் கழுத்திலிருந்து. அதை மண்ணுக்குள் ஒரு சாண் ஆழமாவது தோண்டி எடுக்காவிட்டால், ஒற்றைத் தண்டாக நின்றது ஐந்தாறு தண்டாக எழும். தூரை எடுத்தபின்னும் மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகளுக்கு முளைத்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு மழைக்கும் கன்று பிடுங்க ஆள் வேண்டும்.

2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே கண்மாய்ப் பணிகள் மீண்டும் தொடங்கின. தூர்வாரிய உள்வாயில் கருவேலம் நட்டால் அது விலைபோக ஏறத்தாழ பத்தாண்டு ஆகும். சீமைக் கருவேலத்துக்கு நான்கு ஆண்டு போதும். கண்மாய் மரத்தால் ஊராட்சிக்கு வருமானம் ஏலத்தில்தான் வருகிறது. ஏலக் கணக்கு நான்காண்டுக்கு ஒருமுறை என்று இருக்கிற வரையில், கண்மாய்க்குள் எந்த மரம் நிற்கும் என்பதை வனத்துறையின் நாற்றங்காலை விட ஏலச் சீட்டுத்தான் தீர்மானிக்கும். கருவேலம் முதிரும்வரை ஊராட்சிக்கு ஈடு கொடுக்க ஒரு வழியை அரசு காண வேண்டும். தூரோடு எடுத்துக் கரியாக்கும் வேலையைக் கரிமூட்டக் குடும்பங்களுக்கே கூலியோடு தர வேண்டும். எந்தத் தூர் எந்த மரத்தினுடையது என்று பிரித்தறிய அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.