திரைக்குப் பின்னால் நிற்கும் கடனாளி

இந்தியாவில் வழக்காடுபவரின் தொல்லை டிக்ரி கிடைத்த பிறகே தொடங்குகிறது என்ற பொருளில் பிரிவி கவுன்சில் 1872இலேயே எழுதிவைத்தது. கடனாளி தனிமனிதரானால் அவருடைய நிலத்தையாவது ஜப்தி செய்யலாம். கடனாளி ஒரு கம்பெனி என்றால் பல வேளைகளில் பெயர்ப்பலகை மட்டுமே மிஞ்சும். உரிமையாளரோ வேறு பெயரில் வணிகம் தொடர்வார். இந்தத் திரை யாருக்காக, எப்போது விலக்கப்பட்டது என்பதை நாம் சற்றே நோக்கலாம்.

1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்தபோது அத்தகைய திரை இருக்கவில்லை. அது கூட்டாண்மை நிறுவனம். கூட்டாளிகளின் சொந்தச் சொத்தும் கடனுக்குப் பொறுப்பு. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அந்த முறிவின் பின்விளைவாக 1907இல் இந்தியன் வங்கி எழுந்தது. வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சிக்குத் துணைநின்ற நகரத்தார்களில் ராமசாமி செட்டியாரும் ஒருவர். அவருடைய தம்பியே பின்னாளில் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் நிறுவி, அண்ணாமலை நகருக்குத் தம் பெயரைத் தந்தவர். நகரத்தாரின் லேவாதேவியில் 'விலாசம்' என்பது குடும்பத்தின் முகவரி. கடன் அந்தக் குடும்பத்தையே பற்றி நிற்கும். தந்தையின் கடனை மகன் தீர்ப்பது அறக்கடமை என்ற இந்துச் சட்டக் கோட்பாடும் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் வரை வாழ்ந்தது. ஆயினும் புதிய வங்கி, பங்குத் தொகைக்கு மேல் பங்குதாரருக்குப் பொறுப்பில்லாத கம்பெனியாகவே பதிவாயிற்று என்பது வரலாற்றின் முரண்.

அந்தப் பொறுப்பின்மைக்கு 1897இலேயே பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை முத்திரை குத்தியிருந்தது. ஆரன் சாலமன் என்ற காலணி வணிகர் தம் தொழிலைத் தம் குடும்பத்தாரே பங்குதாரர்களாக இருந்த கம்பெனிக்கு விற்றார். கம்பெனி நொடித்தது, ஈடு பெறாத கடனீந்தோருக்கு எதுவும் கிடைக்கவில்லை. கம்பெனி வேறு, சாலமன் வேறு என்றது தீர்ப்பு.

தமிழகத்தில் திரை விலகிய புகழ்பெற்ற வழக்கு வரித்துறை தொடுத்தது. கருமுத்து தியாகராஜன் செட்டியாரின் கட்டுப்பாட்டிலிருந்த மதுரை மீனாட்சி மில்ஸ், அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மதுரை வங்கிக் கிளையில் பணம் போட்டது. அதை ஈடுகாட்டி மதுரையில் கடன் பெற்றது. வங்கியும் அவருடைய கட்டுப்பாட்டில்தான். 1966இல் உச்ச நீதிமன்றம், கம்பெனி என்ற வடிவத்துக்குள் ஊடுருவி நோக்கி வரித்துறையின் பக்கம் நின்றது.

எளிய மக்களின் முறை வர மேலும் முப்பதாண்டுகள் ஆயின. தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடப்பட்ட பின், 1997இல் தமிழக அரசு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. நிறுவனத்தின் சொத்து போதாதெனில் இயக்குநர்கள், பங்குதாரர்களின் சொத்தையும் முடக்க அது வழிவகுத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது.

ஆனால் சரக்குக் கொடுத்துத் தீர்ப்புப் பெற்ற சிறுவணிகருக்கு இந்தச் சட்டம் உதவாது. டிக்ரியில் கம்பெனியின் பெயர் மட்டுமே இருந்தால் இயக்குநரின் வீட்டுக் கதவு எளிதில் திறவாது. மோசடியை மெய்ப்பிக்கும் சுமையும் அவருடையதே. நேர்மையாக நொடித்தவரைக் காப்பதற்காகத்தான் அந்தத் திரை நெய்யப்பட்டது. கருவூலத்துக்காக விலகிய அதே திரை சிறுகடனீந்தோருக்கு இன்னும் கனமாகவே தொங்குகிறது.