ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு நாள்: போப்பையர் கல்லறையும் நான் செய்த பிழையும்

பவானிபூரில் ஜதுபாபு பஜாருக்குப் பின்னால் உள்ள சந்தில் எங்கள் வீடு. கல்கத்தாவுக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊர் என்றால் எனக்கு இன்னமும் சாயர்புரத்துக்குப் பக்கத்துக் கிராமம்தான். மகள் வயிற்றுப் பேத்தி இங்கிலாந்தில் ரெடிங் நகரில் வேலை பார்க்கிறாள். கோடையில் ஒரு மாதம் வந்து இருங்கள் என்று எங்கள் இருவரையும் அழைத்திருக்கிறாள்.

"லண்டன்ல எல்லாரும் பாக்குறத நான் காட்டிடறேன் தாத்தா. ரெண்டு நாள் மட்டும் உங்க இஷ்டம். எந்த ஊருன்னு சொல்லுங்க, ரூம் போடணும்" என்றாள் தொலைபேசியில்.

நான் யோசிக்கவே இல்லை. "ஆக்ஸ்ஃபோர்டு" என்றேன்.

"அங்க என்ன இருக்கு?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரி.

"போப்பையர் இருக்கார்."

சாயர்புரம் வட்டாரத்தில் பிறந்த எவருக்கும் இந்தப் பதில் விளங்கும். ஜி.யு.போப் என்னும் ஜார்ஜ் உக்ளோ போப் 1820 ஏப்ரல் 24 அன்று கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தவர். 1839ல் சென்னையில் வந்து இறங்கினார். 1840களில் சாயர்புரத்தில் பள்ளி நடத்தினார். பிறகு தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் என்று பல ஊர்களில் பணி. பெங்களூரில் அவர் தலைமை ஏற்ற பள்ளிக்கு பிஷப் காட்டன் பெயர். அந்தக் காட்டன் நம் கல்கத்தாவின் பிஷப்பாக இருந்து, 1866ல் குஷ்டியாவில் ஆற்றில் விழுந்து இறந்தவர்.

நாற்பது வருஷத்துக்கும் மேலாக நம் நாட்டில் இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பியபின், 1884ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தமிழுக்கும் தெலுங்குக்கும் விரிவுரையாளர் ஆனார். அப்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது. நம்மவர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்காரும் வயதில்தான் அவருடைய பெரிய வேலைகள் ஆரம்பம். 1886ல் திருக்குறள் மொழிபெயர்ப்பு, 1893ல் நாலடியார், 1900ல் திருவாசகம். பின்னிரண்டும் ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் அச்சக வெளியீடுகள்.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு மலரில் போப்பையரைப் பற்றி எழுதியபோது, "ஒரு தமிழ் மாணவன் இங்கே உறங்குகிறான்" என்று தம் கல்லறையில் பொறிக்கும்படி அவர் உயில் எழுதி வைத்தார் என்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது என்றும் எழுதினேன். சங்க மேடையிலும் இதைப் பேசிக் கைத்தட்டல் வாங்கியதுண்டு. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா சொன்னது, பட்டிமன்றத்தில் கேட்டது, புத்தகத்தில் படித்தது எல்லாம் ஒன்றாகவே இருந்ததால் சந்தேகம் வரவில்லை.

பயணத்துக்குத் திட்டம் போடுகிறவள் பேத்தி அல்லவா? ரெடிங்கிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு ரயிலில் அரை மணி நேரந்தான். ஒரு சனிக்கிழமை போய் இடத்தைப் பார்த்து, கல்லைப் படம் எடுத்து அனுப்பினாள். கூடவே ஒரு வரி: "தாத்தா, நீங்க எழுதினது கல்லுல இல்லையே!"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இல்லைதான்.

கல்லில் உள்ளது ஆங்கிலம். அதன் சாரம் இது. தென்னிந்தியாவைச் சேர்ந்த ஜார்ஜ் உக்ளோ போப்; பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியல் கல்லூரியின் குருவாகவும் இருந்தவர்; கீழை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் வாழ்நாள் முழுவதும் அவர் உழைத்த உழைப்பைப் போற்றி, அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் இந்தக் கல்லை நாட்டினார்கள். மாணவன் என்ற சொல்லே கிடையாது.

இரண்டு நாள் மனசு சரியில்லை. யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைகளிடம் தமிழைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல நம்மிடம் இருக்கிற சில கதைகளில் அதுவும் ஒன்று. அதைப் பிடுங்கிக்கொண்டால் அவர்கள் கையில் என்ன மிஞ்சும்? ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான் நேரே போய்ப் பார்த்துவிட்டு எனக்குத் திருத்தம் அனுப்பியிருக்கிறாள். இன்று யார் வேண்டுமானாலும் அந்தக் கல்லைக் கைப்பேசியில் பார்த்துவிடலாம். ஒன்று பொய் என்று கண்டுகொண்டால் நாம் சொன்ன மற்றதையும் அவர்கள் நம்பப் போவதில்லை.

மூன்றாம் நாள் படத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அப்போதுதான் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. பிறந்தது கனடாவில், இறந்தது இங்கிலாந்தில். கல்லோ அவரைத் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்கிறது. ஊர்ப் பெயராக அதைத்தான் போட்டிருக்கிறார்கள். நாற்பது வருஷம் பவானிபூரில் இருந்துவிட்டு இன்னும் சாயர்புரத்தான் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு அதன் அர்த்தம் தெரியும்.

இரண்டாவது, கல்லை நாட்டியவர்களில் தமிழ் நண்பர்களும் உண்டு. உயில் கதையைச் சொல்கிறவர்கள், கல்லறைச் செலவில் ஒரு பங்கு தமிழர் கொடுத்த பணமாக இருக்க வேண்டும் என்று போப் கேட்டதாகவும் சேர்த்துச் சொல்வதுண்டு. உயிலை நான் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். ஆனால் தமிழர் பங்கு உண்டு என்பதற்குக் கல்லே சாட்சி. சென்னைப் பச்சையப்பன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் செல்வக்கேசவராய முதலியார் இதற்கு முன்னின்று நிதி திரட்டியதாகத் தமிழ் நூல்களில் காண்கிறோம். 1908 பிப்ரவரியில் கடல் கடந்து இறந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்குக் கல் வைக்க இங்கிருந்து பணம் போயிருக்கிறது! மணியார்டரும் கப்பல் தபாலுமாக இருந்த காலம். கதையில் போப் தமிழரைப் புகழ்கிறார். கல்லில் தமிழர் கடன் தீர்த்திருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

கல்லறைக் கல்லைப் படிப்பது நம் பேட்டையில் இருப்பவர்களுக்குப் புதிது அல்ல. டி.எல்.கான் சாலையிலுள்ள பவானிபூர் கல்லறைத் தோட்டத்தைக் கடந்து போகாதவர் யார்? ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸின் மகன் வால்டர், கடனும் நோயுமாக 1863 டிசம்பர் 31 அன்று கல்கத்தாவில் இருபத்திரண்டு வயதில் இறந்து, அங்கேதான் புதைக்கப்பட்டான். ஆனால் 1987ல் அவனுடைய கல்லை மட்டும் பெயர்த்து பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். உடல் பவானிபூரில், பெயர் பார்க் ஸ்ட்ரீட்டில். கல்லை நம்புவதிலும் கொஞ்சம் எச்சரிக்கை தேவைதான்.

அந்தப் பார்க் ஸ்ட்ரீட் தோட்டத்தில்தான் சர் வில்லியம் ஜோன்ஸ் இருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டின் யூனிவர்சிட்டி கல்லூரியில் படித்து, கல்கத்தாவுக்கு நீதிபதியாக வந்து, 1784ல் ஏஷியாடிக் சொசைட்டியை நிறுவி, 1794ல் இங்கேயே நாற்பத்தேழு வயதில் இறந்தவர். உயரமான கூம்புக் கோபுரம் அவருடையது. ஆக ஆக்ஸ்ஃபோர்டுக்காரர் நம் கல்கத்தாவில் கிடக்கிறார், தென்னிந்தியாக்காரர் ஆக்ஸ்ஃபோர்டில் கிடக்கிறார். இந்தக் கணக்கை வைத்துத்தான் எங்கள் இரண்டு நாள் திட்டத்தைப் போட்டேன். நம் குடும்பங்களில் இப்போது பிள்ளைகள் அந்தப் பக்கம் நிறையப் பேர் இருப்பதால், போகிறவர்களுக்கு உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

லண்டனிலிருந்து போவதானால் பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரம். ஊருக்குள் வண்டியே வேண்டாம், எல்லாம் நடை தூரம். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி மறக்க வேண்டாம், சில வீதிகள் இன்னும் பழைய உருளைக்கல் பாவியவை. மாணவர் விடுமுறையில் கல்லூரி அறைகளையே வெளியாருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஹோட்டலைவிடச் சிக்கனம், காலைச் சாப்பாடும் பல இடங்களில் உண்டு. "அந்தக் காலைச் சாப்பாட்டுல நமக்கு ரொட்டியும் தக்காளியுந்தான் மிஞ்சும்" என்கிறாள் என் வீட்டுக்காரி. கவ்லி சாலைப் பக்கம் நம் நாட்டுச் சாமான் கடைகள் இருக்கின்றன, தயிர் சாதத்துக்குப் பழுதில்லை.

முதல் நாள் காலை செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம். வால்டன் தெருவிலிருந்து ஒரு சிறு சந்து வழியாக உள்ளே போக வேண்டும். கவனிக்காமல் நடந்தால் தாண்டிவிடுவோம் என்று பேத்தி சொல்கிறாள். 1848ல் திறந்த தோட்டம். போப்பைப் பார்த்தபின் அதே தோட்டத்தில் பெஞ்சமின் ஜோவெட்டையும் தேட வேண்டும். பேலியல் கல்லூரியின் தலைவராக இருந்து 1893ல் இறந்தவர்.

திருவாசக முன்னுரையில் போப் ஒரு சம்பவம் சொல்கிறார். கல்லூரி முற்றத்தில் இருவரும் உலாவும்போது, இவ்வளவு பெரிய வேலையை முடிக்க ஆயுள் போதுமா என்று போப் தயங்குகிறார். ஜோவெட் அவர் தோளில் கை வைத்து, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழ வழி, அதை முடிக்கும் வரை இருப்பீர் என்கிறார். சொன்னவர் முன்னால் போய்விட்டார். கேட்டவர் தமது எண்பதாவது பிறந்த நாளன்று அந்த முன்னுரைக்குத் தேதி போட்டார். இருவரும் இன்று ஒரே தோட்டத்தில். அச்சகமும் தூரமில்லை. 1830 முதல் அதே வால்டன் தெருவில் இருக்கிறது.

அங்கிருந்து தெற்கே நடந்தால் பியூமாண்ட் தெருவில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம், நுழைவு இலவசம். இங்கே நமக்கு ஒரு வழக்கு உண்டு. கும்பகோணத்துக்குப் பக்கம் சுந்தரப்பெருமாள் கோவிலைச் சேர்ந்த திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி ஒன்றை 1967ல் லண்டன் ஏலத்தில் இவர்கள் வாங்கினார்கள். 1957ல் அதே சிலை கோவிலில் இருந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் புகைப்படம் கிடைத்தது. இந்தியா கேட்டது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழகம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. "அங்க போய்ப் பாக்கும்போது அவர் இல்லாட்டா சந்தோஷப்படணும், சரியா தாத்தா?" என்கிறாள் பேத்தி. சரிதான்.

மாலையில் பேலியல், அந்த முற்றத்துக்காக. பிறகு பிராட் தெருக் கோடியில் பழைய இந்தியன் இன்ஸ்டிடியூட் கட்டடம். மோனியர் வில்லியம்ஸ் முயற்சியில் 1883ல் அடிக்கல் நாட்டியது. இந்தியக் கல்விக்காகக் கட்டியது என்றாலும் இன்று வேறு பயனில் இருக்கிறது. காற்றுத் திசை காட்டும் யானை மட்டும் உச்சியில் நிற்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

இரண்டாம் நாள் பாட்லியன் நூலகம். சுற்றிக் காட்டுவதற்கு முன்பதிவு அவசியம். தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல்களில் ஒன்றான, அண்டிரிக் அடிகளாரின் 1580ஆம் ஆண்டுப் பாவசங்கீர்த்தன நூல் இங்கே இருக்கிறது. சுற்றுலாக்காரர் கேட்டால் எடுத்துக் காட்டமாட்டார்கள். அந்தக் கட்டடத்துக்குள் நான் நின்றேன் என்றிருந்தால் எனக்குப் போதும்.

நூலகத்தை அடுத்த சதுக்கத்தில் பிரேஸ்நோஸ், ஆல் சோல்ஸ் என்று இரண்டு கல்லூரிகள். நம் செயின்ட் பால்ஸ் கதீட்ரலில் மண்டியிட்ட கோலத்தில் சிலையாக இருக்கும் பிஷப் ஹீபர் இந்த இரண்டிலும் இருந்தவர். 1823ல் கல்கத்தா வந்தார். 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சியில் குளிக்கப் போன இடத்தில் இறந்தார். ஆக்ஸ்ஃபோர்டு, கல்கத்தா, திருச்சி மூன்றையும் ஒரே ஆளாகக் கோத்தவர்.

கடைசியாக ஹை தெருவில் யூனிவர்சிட்டி கல்லூரிச் சிற்றாலயம். ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய ஜோன்ஸ் நினைவுச் சிற்பம் அங்கே உள்ளது. ஜோன்ஸ் உயரத்தில் உட்கார்ந்து எழுதுகிறார், எதிரே மூன்று பண்டிதர்கள் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். யார் யாருக்குப் பாடம் சொன்னார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தச் சிற்பம் உறுத்தும். அதனால்தான் அதைப் பார்க்க வேண்டும் என்கிறேன். உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.

விசாவுக்குக் கொடுத்தாகிவிட்டது. வரும் ஞாயிறு காலை, வெயில் ஏறும் முன் பார்க் ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஜோன்ஸ் கல்லை எழுத்தெழுத்தாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரப் போகிறேன். அதே நோட்டின் எதிர்ப் பக்கம் காலியாக இருக்கும். போப்பையர் கல்லை, படத்தைப் பார்த்து அல்ல, முன்னால் நின்று எழுதிக்கொள்வதற்கு.