கப்பலேறிய கொடிவழி

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப் போன கங்காணி முன்பின் தெரியாத ஊரில் போய் நிற்கமாட்டார். சொந்த ஊருக்குத்தான் போவார். சேலம், திருச்சி, தஞ்சை, ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமங்களில் அண்ணன் தம்பி, மச்சான், மாமன் மகன் என்று உறவாகவே திரட்டுவார். ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாமில் சில நாள்; பிறகு பினாங்குக் கப்பல். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுக்கு வந்தது. அதன்பின், உதவியோடு ஆளனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடுக்கும்வரை, கங்காணி முறை கோலோச்சியது. அதனால்தான் சுங்கை சிப்புட்டிலும் சித்தியவானிலும் ஒரு லயத்தில் குடியிருந்தவர்கள் ஒரே தெருவின் சொந்தக்காரர்களாக இருக்க முடிந்தது.

கப்பலேறும் முன்னும் இறங்கிய பின்னும் மருத்துவர் பார்த்தார். அம்மைப்பால் வைத்தார்கள். தொற்று என்று ஐயம் வந்தால் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் தடுத்துவைத்தார்கள். அவர்கள் தேடியது ஒன்றே ஒன்று: இந்த உடம்பு வேலை செய்யுமா? நாற்பது வயதில் தலைகாட்டப்போகும் பரம்பரை நோயை இருபது வயது உடம்பில் எந்த மருத்துவராலும் கண்டிருக்க முடியாது.

அப்படி ஒரு நோய் தமிழர்களிடையே உண்டு. தமிழகத்தின் ஒரு சமூகத்தில் எஸ்.சி.ஏ.1 என்ற பரம்பரை நோய் மிக அதிகமாகக் காணப்படுவதை 2005-இல் ‘நியூராலஜி இந்தியா’ ஆய்விதழ் வெளியிட்டது. சிறுமூளையைச் சிதைக்கும் நோய் இது. பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதில் நடை தள்ளாடத் தொடங்கும். பிறகு நாக்கு குழறும். கடைசியில் விழுங்குவதே பாடாகும். ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதே காரணம் என்று 1993-இல் கண்டறிந்தார்கள். இதைப் போலவே பரம்பரையாக வரும் ஹண்டிங்டன் நோயின் மரபணு பிடிபட்டதும் அதே ஆண்டுதான். இரண்டு நோயிலும் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி.

தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்த காலத்தில், பால்வெட்டுக்குப் போகும் வழியில் தள்ளாடிய ஒருவரைக் கிராணியும் தண்டலும் என்னவென்று நினைத்திருப்பார்கள்? இன்றும் இந்த நோயாளிகளைக் குடிகாரர் என்று பலர் தவறாக எண்ணிவிடுகிறார்கள். தோட்ட ஆஸ்பத்திரி டிரெசரிடம் மலேரியாவுக்குக் கொய்னா இருந்தது. இந்த நோய்க்கு அவரிடம் பெயர்கூட இல்லை.

தாய்மாமனைக் கட்டியதால் வந்த வினை என்று சொல்வோரும் உண்டு. இந்த நோயைப் பொறுத்தவரை அது தவறு. பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வந்துவிடும் நோய்க்கு உறவுத் திருமணம் தேவையில்லை. உறவுக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்தால், பாதிக்கப்பட்டவர்கள் ஒரே வட்டத்தில் சேர்ந்து தெரிவார்கள், அவ்வளவே. மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் நெருங்கிய உறவில் மணமுடிப்பதைத் தடுக்கிறது. ஆனால் இந்துக்கள் தம் வழக்கப்படி அக்காள் மகளை, தாய்மாமனை மணக்கலாம் என்று 11ஆம் பிரிவிலேயே விலக்கும் தருகிறது.

நோய் கருவிலேயே தெரிந்தால் என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும் கருக்கலைப்புச் சட்டமும் கடல் கடந்தே வந்தது. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது 312ஆம் பிரிவாக இருந்தது. மலேசியத் தண்டனைச் சட்டத்திலும் எண் மாறாமல் 312தான். பிற்பாடுதான் இரு கரைகளும் பிரிந்தன. 1971-இல் இந்தியா புதுச் சட்டம் இயற்றி, சிசுவுக்குக் கடுமையான குறைபாடு வரக்கூடும் என்பதையும் கலைப்புக்குக் காரணமாக ஏற்றது. மலேசியா 1989-இல் திருத்தியபோது தாயின் உயிரையும், அவளது உடல், மன நலத்தையும் மட்டுமே பார்த்தது. ஈப்போவில் கருவுற்றிருக்கும் பெண்ணின் வயிற்றுச் சிசுவுக்கு இந்த மரபணு இருக்கிறதென்று தெரிந்தாலும், மருத்துவர் சட்டப்படி எடைபோட வேண்டியது அவளுடைய நலத்தைத்தான்.

இங்கேதான் சிக்கல் ஆழமாகிறது. கருவின் நச்சுக்கொடித் திசுவைச் சோதித்து நோய் மரபணு இருப்பது தெரிந்தால், சிசுவைப் பற்றி மட்டுமா தெரிகிறது? குடும்பத்தில் நோய் இருந்தும் சோதனையே செய்துகொள்ளாத அப்பாவுக்கும் அந்த நொடியிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் இருக்கும் பெரியப்பா வீட்டின்மேலும் அதே நிழல் விழுகிறது. கரு கலைக்கப்படாமல் பிறந்தால், அந்தப் பிள்ளை தான் கேட்காத ஒரு செய்தியோடு வளர வேண்டும். ஹண்டிங்டன் நோய்க்காக 1994-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் இதை நேராகவே எதிர்கொண்டது: சிறுவர்களைச் சோதிக்க வேண்டாம், எந்த முடிவு வந்தாலும் பெற்றுக்கொள்வோம் என்றிருக்கும் தம்பதிக்குக் கருவிலே சோதிக்கக் காரணமில்லை. நோய் வரும் வாய்ப்புள்ள பெரியவர்களிலேயே பெரும்பாலோர் சோதனை வேண்டாம் என்றுதான் இருக்கிறார்கள். அதை அறியாமை என்று தள்ளுவது அநியாயம். நாற்பது ஆண்டு நல்ல வாழ்க்கையும் வாழ்க்கைதான். அப்பாவைப் படுக்கையில் வைத்துப் பத்தாண்டு பார்த்த மகள், என் பிள்ளைக்கு இது வேண்டாம் என்று சொன்னால் அதுவும் நியாயம்தான்.

ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. தோட்டத்தை விட்டவர்களின் பிள்ளைகள் ஈப்போவின் புந்தோங்கிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் தேவை, ரத்தம் எடுக்கும் முன் தமிழில் உட்கார்ந்து பேசும் ஒரு மரபணு ஆலோசகர்: மாமியாரையும் கணவரையும் வெளியே அமரவைத்து, அந்தப் பெண்ணிடம் மட்டும், அவள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாள் என்று கேட்பவர். தாத்தாவின் உடம்பைச் சோதித்தபோது யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை.