எங்கள் வண்டியும் நம் வண்டியும்

ஐந்நூறு மைல் ஓடியும் ஓர் ஊருக்கும் போய்ச் சேராத பயணம் ஒன்று உண்டு. வளைந்து மூடிய ஒரு பாதையில் முப்பது நாற்பது மோட்டார் கார்கள் மூன்று நான்கு மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. புறப்பட்ட இடத்திலேயே பந்தயம் முடிகிறது. செவியைத் துளைக்கும் இரைச்சல், ரப்பர் கருகும் நாற்றம், தலைக்கு மேல் வெயில். இதைக் காண்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் பல்லாயிரக்கணக்கான மக்கள் குடும்பத்தோடு திரள்கின்றனர். அவர்களைக் கண்டு நகைப்போரும் உளர். "இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருப்பதில் என்ன அதிசயம்?" என்று அவர்கள் வினவுவர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு வினவியவன்தான். இப்பந்தயத்தின் வரலாற்றைக் கற்ற பின்னரே என் வினா தவறானது என்று உணர்ந்தேன். கார் எங்கே போகிறது என்று கேட்பதில் பயனில்லை. அதை ஓட்டுபவர் யார், பார்ப்பவர் யார் என்றே கேட்க வேண்டும்.

இதற்கு ஸ்டாக் கார் பந்தயம் என்று பெயர். 'ஸ்டாக்' என்பது வணிகர் தம் கடையில் விற்பனைக்காக வைத்திருக்கும் சரக்கைக் குறிக்கும் சொல். ஐரோப்பாவின் பெரும் பந்தயங்களில் ஓடிய கார்கள் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றைச் சாலையில் காண இயலாது. சாதாரண மனிதர் விலைக்கு வாங்கவும் இயலாது. ஸ்டாக் கார் அத்தகையதன்று. கடைவீதியில் எவரும் வாங்கக்கூடிய ஃபோர்டு, ப்யூக், பிளிமத் போன்ற வண்டிகளே தொடக்கத்தில் களத்தில் இறங்கின. தம் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டியின் உடன்பிறப்பு மணிக்கு நூறு மைல் வேகத்தில் பாய்வதை ரசிகர் கண்டார். இந்தப் பந்தயத்தின் கவர்ச்சிக்கு இதுவே முதற் காரணம்.

இவ்வழக்கத்தின் வேர்களில் ஒன்று அப்பலாச்சிய மலைத்தொடரில் இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் வந்து அம்மலைகளில் குடியேறிய ஏழை உழவர்கள் மக்காச்சோளம் பயிரிட்டனர். கரடுமுரடான மலைப்பாதையில் சோள மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோவதைவிட, அதைச் சாராயமாகக் காய்ச்சிக் கொண்டுபோவது எளிதாக இருந்தது. 1791இல் மத்திய அரசு சாராயத்துக்கு வரி விதித்தது. அதனை எதிர்த்து 1794இல் பென்சில்வேனியாவில் கலகமே மூண்டது. கலகம் அடங்கியது, காய்ச்சும் வழக்கம் அடங்கவில்லை. 1920 முதல் 1933 வரை நாடெங்கும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தபோது அத்தொழில் மேலும் பெருகிற்று. மதுவிலக்கு நீங்கிய பின்னரும் வரி செலுத்தாத சாராயத்துக்கு வாங்குவோர் இருந்தனர். இரவில் மறைவாகக் காய்ச்சப்பட்டமையால் மக்கள் அதற்கு நிலவொளி என்று பெயரிட்டு அழைத்தனர்.

1932இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட காரைக் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கியது. சாராயம் கடத்திய இளைஞர்களுக்கு அது வரப்பிரசாதமாயிற்று. வெளித்தோற்றத்தில் அந்தக் கார் பக்கத்து வீட்டுக்காரரின் காரைப் போன்றே இருக்கும். உள்ளே எஞ்சின் வலுவாக்கப்பட்டிருக்கும். பாரம் ஏற்றினாலும் பின்புறம் தாழ்ந்து காட்டிக்கொடுக்காதபடி ஸ்பிரிங்குகள் இறுக்கப்பட்டிருக்கும். விளக்கை அணைத்துவிட்டு, இருண்ட மலைவளைவுகளில் கலால் அதிகாரிகளிடமிருந்து தப்பி ஓட்டிய இளைஞர்களுள் எவர் வல்லவர் என்ற போட்டி எழுந்தது. மேய்ச்சல் நிலங்களிலும் சந்தைத் திடல்களிலும் பந்தயங்கள் நடந்தன.

இக்கதை சுவையானது, ஆயினும் முழு வரலாறு இதுவன்று. பந்தயம் ஓட்டியவர் அனைவரும் கடத்தல்காரர் அல்லர். பழுது பார்க்கும் தொழிலாளரும், போரிலிருந்து திரும்பிய இளைஞரும், பந்தயம் நடத்திப் பொருள் ஈட்ட விரும்பியவர்களும் அதில் இருந்தனர். ஃபுளோரிடாவில் டேடோனா கடற்கரையின் கெட்டி மணலில் வேகச் சாதனை ஓட்டங்கள் நெடுங்காலம் நடந்து வந்தன. அங்கே குடியேறிய பில் ஃபிரான்ஸ் என்னும் மெக்கானிக், 1936இல் கடற்கரை மணலையும் நெடுஞ்சாலையையும் இணைத்து நடத்தப்பட்ட பந்தயத்தில் தாமும் ஓட்டினார். பந்தயம் நடத்துவோர் சிலர் பரிசுப் பணத்தோடு மறைந்துவிடுவதும், ஊருக்கு ஊர் விதிகள் மாறுவதும் அவரை வருத்தின. 1947 டிசம்பரில் டேடோனாவின் ஒரு விடுதியில் அவர் கூட்டிய கூட்டத்தின் விளைவாக, 1948இல் நாஸ்கார் என்று சுருக்கமாக வழங்கும் தேசிய ஸ்டாக் கார் பந்தயச் சங்கம் பதிவு செய்யப்பட்டது.

மாற்றம் ஏதும் செய்யாத கார்களுக்கென அச்சங்கம் நடத்திய முதற் பந்தயம் 1949 ஜூன் 19ஆம் நாள் வட கரோலினாவின் ஷார்லட் நகரில், முக்கால் மைல் மண்பாதையில் நடைபெற்றது. கிளென் டனவே என்பவர் முதலில் வந்தார். காரைச் சோதித்தபோது பின்புற ஸ்பிரிங்குகள் சாராய வண்டிக்குரிய முறையில் மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. வெற்றி அவரிடமிருந்து பறிக்கப்பட்டு, லிங்கன் கார் ஓட்டிய ஜிம் ரோப்பருக்கு அளிக்கப்பட்டது. காரின் உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. கள்ளச் சாராயப் பாதையில் பிறந்த ஆட்டம் சட்டத்தின் துணையோடு தன் விதியை நிலைநாட்டிய நாள் அது. அதே பந்தயத்தில் லீ பெட்டி என்பவர் இரவல் வாங்கிய ப்யூக் காரை ஓட்டிக் கவிழ்த்தார். குடும்பம் ஏறிவந்த கார் நொறுங்கியதை அவருடைய பதினொரு வயது மகன் ரிச்சர்ட் பார்த்துக்கொண்டிருந்தான். பிற்காலத்தில் 200 பந்தயங்களில் வென்று எவரும் எட்டாத சாதனை படைத்த ரிச்சர்ட் பெட்டி அச்சிறுவனே.

அக்காலத்து ரசிகர் யார்? நூற்பாலைத் தொழிலாளி, புகையிலை பயிரிடும் உழவர், லாரி ஓட்டுபவர், பட்டறைத் தொழிலாளி. உள்நாட்டுப் போரில் தோற்ற பின் தென்பகுதி நெடுங்காலம் வறுமையில் உழன்றது. பெரிய பேஸ்பால் குழுக்கள் வடக்கு நகரங்களில் இருந்தன. தம்மைப் படிப்பற்றவர் என்றும் நாகரிகம் அறியாதவர் என்றும் பிறர் எள்ளுவதை அம்மக்கள் அறிவர். அவர்களுக்கென்று எழுந்த ஆட்டம் இது. களத்தில் ஓட்டுபவர் பேசும் கொச்சை அவர்கள் பேசும் கொச்சை. அவர் கையில் படிந்த எண்ணெய் அவர்கள் கையிலும் படிந்தது. "எங்கள் வண்டி, எங்கள் ஆள்" என்று அவர்கள் நெஞ்சு நிமிர்ந்தது. கார் உற்பத்தியாளரும் இதை உணர்ந்து, ஞாயிற்றுக்கிழமை வென்ற கார் திங்கட்கிழமை விலைபோகும் என்று பழமொழி போலவே கூறலாயினர்.

1950 செப்டம்பரில் தென் கரோலினாவின் டார்லிங்டனில் முதல் 500 மைல் பந்தயம் நடந்தது. 75 கார்கள் இறங்கின. விரைந்து பாய்ந்தவர்களின் டயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ஜானி மான்ட்ஸ் என்பவரோ கெட்டியான டயர்களைப் பூட்டிய சிறிய பிளிமத் காரை நிதானமாக ஓட்டி, ஆறு மணி நேரத்துக்கும் மேலான ஓட்டத்தின் முடிவில் வெற்றி பெற்றார். வேகம் மட்டும் போதாது, வண்டியைக் காக்கவும் அறிந்திருக்க வேண்டும் என்பதை ரசிகர்கள் கண்டனர். வண்டியைப் பேணத் தெரிந்த தொழிலாளிக்கு இதைவிட இனிய பாடம் வேறென்ன?

வட கரோலினாவின் வில்க்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த ஜூனியர் ஜான்சன் அவர்களுடைய வீரருள் ஒருவர். 1956இல் தந்தையின் சாராய உலைக்கருகே பிடிபட்டுப் பதினொரு மாதம் சிறையிலிருந்தவர். 1960இல் டேடோனா 500 பந்தயத்துக்கு வந்தபோது அவருடைய கார் மற்றவற்றைவிட வேகம் குறைந்தது. ஆனால் பயிற்சியின்போது ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. முன்னே செல்லும் கார் காற்றைப் பிளந்து செல்கிறது. அதன் பின்னால் காற்றின் தடை குறைகிறது. அங்கே ஒட்டிச் சென்றால் வலுக் குறைந்த வண்டியும் வலிய வண்டிக்கு ஈடாக ஓடும். அவ்வாறே ஓட்டி அவர் வென்றார். பௌதிக நூலில் நீங்கள் கற்பதை அவர் இருக்கையில் அமர்ந்தே கற்றார். அன்று முதல், யார் யாரை ஒட்டிச் செல்வார், எந்தத் தருணத்தில் விலகி முந்துவார் என்பதைக் கணிப்பது ரசிகரின் கலையாயிற்று. வெறும் சுற்றாக நமக்குத் தோன்றுவது அவர்களுக்குச் சதுரங்கம். அவருடைய பழைய குற்றத்துக்கு ஜனாதிபதி ரீகன் 1986இல் மன்னிப்பு வழங்கினார்.

இனி, இந்த வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். தமிழில் 'எங்கள்' என்றும் 'நம்' என்றும் இரண்டு சொற்கள் உண்டு. முன்னது கேட்பவரை விலக்கும். பின்னது கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்த ரசிகர்கள் பெருமிதத்தோடு உச்சரித்த சொல் எந்தப் பொருளில் வழங்கிற்று என்பதை ஒரு மனிதரின் வாழ்வு சோதித்துக் காட்டியது.

வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் நகரில் 1921இல் பிறந்த வெண்டல் ஸ்காட் நீக்ரோ இனத்தவர் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களுள் ஒருவர். இரண்டாம் உலகப் போரில் இராணுவ மெக்கானிக்காகப் பணியாற்றினார், டாக்சி ஓட்டினார், சாராயமும் கடத்தினார். எண்ணெய் படிந்த கை, ஏழ்மை, இயந்திர அறிவு ஆகிய எல்லாவற்றிலும் அவர் அந்த ரசிகர்களைப் போன்றவரே. நிறம் ஒன்றே வேறு. சில களங்கள் அவரை உள்ளே விடவில்லை. பழைய உதிரி உறுப்புகளைக் கொண்டு, தம் புதல்வர்களையே உதவியாளராக வைத்துக்கொண்டு அவர் ஓட்டினார். 1963 டிசம்பர் 1ஆம் நாள் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் களத்தில் அவரே முதலில் வந்தார். ஆயினும் பக் பேக்கர் என்னும் வெள்ளையர் வென்றதாக அறிவிக்கப்பட்டுப் பரிசுக் கோப்பை அவருக்கு வழங்கப்பட்டது. பல மணி நேரத்துக்குப் பின், கூட்டம் கலைந்த பிறகு, எண்ணிக்கையில் பிழை என்று கூறி ஸ்காட்டின் வெற்றியை அதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். கோப்பை மட்டும் அவர் கைக்கு வரவேயில்லை. 1990இல் அவர் காலமானார்.

எள்ளலுக்கு ஆளானவர் பிறரை எள்ளமாட்டார் என்று நாம் எண்ணுகிறோம். வரலாறு அவ்வாறு உறுதி கூறவில்லை. தமக்குக் கிடைத்த ஒரே பெருமையைப் பிறரோடு பகிர்ந்தால் அது குறைந்துவிடும் என்று அஞ்சியவர் அக்கூட்டத்தில் பலர். ஆனால் ஸ்காட்டின் உழைப்பைக் கண்டு உள்ளம் மாறி அவருக்காகக் கைதட்டிய வெள்ளை ரசிகர்களும் இருந்தனர் என்பதை மறத்தல் நன்றன்று.

காலம் மாறியது. 1979இல் டேடோனா 500 பந்தயம் முதன்முறையாகத் தொடக்கமுதல் இறுதிவரை நாடெங்கும் நேரடியாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. கார்களும் மாறின, இன்று களத்தில் ஓடுபவை பெயரளவிலேயே கடைச்சரக்கு. எனினும் பற்றுக் குறையவில்லை. அது வண்டியிலிருந்து மனிதரிடம் தாவிவிட்டது. கன்னாபொலிஸ் என்னும் ஆலையூரில் பிறந்து, ஏழுமுறை பட்டம் வென்ற டேல் எர்ன்ஹார்ட் 2001 பிப்ரவரி 18ஆம் நாள் டேடோனாவின் கடைசிச் சுற்றில் மோதி மாண்டபோது, மக்கள் தம் வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் அழுதனர். அதன் பின்னர், தலையையும் கழுத்தையும் காக்கும் கருவி கட்டாயமாயிற்று. மோதலின் வேகத்தைத் தாங்கும் சுவர்கள் எழுப்பப்பட்டன.

2015இல் வெண்டல் ஸ்காட்டின் பெயர் நாஸ்கார் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. 2020 ஜூனில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் கூட்டமைப்பின் கொடி களங்களில் தடை செய்யப்பட்டது. 2021 ஆகஸ்டில் ஸ்காட்டின் குடும்பத்தாரிடம் ஒரு கோப்பை அளிக்கப்பட்டது. அவர் வென்று ஐம்பத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் டல்லடேகா களத்தில் பப்பா வாலஸ் வென்றார். அவருக்கு முன் அவ்வுயர்நிலைத் தொடரில் வென்ற கறுப்பினத்தவர் ஸ்காட் ஒருவரே.

மாணவ நண்பர்களே, ஓர் ஆட்டத்தை மக்கள் விரும்புவதற்குக் காரணம், அதில் அவர்கள் தம்மைக் காண்பதுதான். அதனை இழிவாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் தம்மைக் கண்டவர், பக்கத்தில் நிற்பவரையும் அதே களத்தில் காணக் கற்க வேண்டும். 'எங்கள் வண்டி' என்று ஆர்ப்பரிப்பது எளிது. 'நம் வண்டி' என்று சொல்ல அம்மக்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது. அந்தப் பாடம் இன்னும் முற்றுப்பெறவில்லை. நாம் போற்றும் ஆட்டங்களில் நாம் எந்தச் சொல்லை வழங்குகிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.